இரண்டு நாளில் ஆயுள் தண்டனை, ஒரு உயிருக்கு ஆறு மாதம்

வளைகுடாவில் வேலை செய்துவிட்டு வந்த நம்மட ஆக்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கோ. சம்பளம் பிந்தினது, கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டுப் படுத்தது, பாஸ்போட்டை முதலாளி பறித்து வைத்திருந்தது எல்லாம் சொல்லுவார்கள். சொல்லி முடித்துவிட்டு கடைசியில் ஒரு பெருமூச்சோடு, "எண்டாலும் அங்க சட்டம் எண்டா சட்டம்தான்" என்பார்கள். களவு இல்லை, சண்டை இல்லை, ஊர்வலம் இல்லை, ரோட்டு மறியல் இல்லை. நம்மட ஊரும் இப்படி இருந்தால் எப்பவோ உருப்பட்டிருக்கும் என்று ஒரு வசனமும் சேர்ந்து வரும்.

ஊர்வலம் போனதற்காகவே அடி வாங்கிய ஒரு இனத்தின் வாயில் இருந்து இது வருகிறதே என்பதுதான் என் எரிச்சல். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

சட்டம் அங்கே இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். 2024 ஜூலையில் பங்களாதேஷில் அரச வேலை ஒதுக்கீட்டுக்கு எதிராக மாணவர்கள் கிளர்ந்தபோது ஷேக் ஹசீனாவின் அரசு அவர்களைச் சுட்டது. அந்தச் செய்தி கேட்டு ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வேலை செய்த வங்காளிகள் ஜூலை 19, வெள்ளிக்கிழமை, தெருவில் இறங்கினார்கள். எமிரேட்ஸ் அரசுக்கு எதிராக அல்ல. தங்கள் நாட்டுப் பிரதமருக்கு எதிராக. சனிக்கிழமை சட்டமா அதிபர் அவசர விசாரணைக்கு உத்தரவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அபுதாபி நீதிமன்றம் 57 பேருக்குத் தீர்ப்புச் சொல்லி முடித்தது. மூன்று பேருக்கு ஆயுள், 53 பேருக்கு பத்து வருடம், ஒருவருக்கு பதினொரு வருடம், தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். நீதிமன்றம் நியமித்த சட்டத்தரணி, இவர்களுக்குக் குற்ற நோக்கம் எதுவும் இல்லை, சாட்சியம் போதாது என்று வாதாடியிருக்கிறார். வெள்ளி ஊர்வலம், ஞாயிறு ஆயுள். நம்மட ஊரில் ஒரு சைக்கிள் களவுக்கு பொலிஸ் முறைப்பாடு எழுதவே இதைவிடக் கூட நாள் எடுக்கும்.

அவர்கள் எப்படி வெளியே வந்தார்கள் தெரியுமா? மேன்முறையீட்டில் வென்று அல்ல. ஆகஸ்ட் 5ஆம் திகதி ஹசீனா நாட்டை விட்டு ஓடினார். முகமது யூனுஸ் இடைக்கால அரசுக்குத் தலைமை ஏற்றார். அவரும் எமிரேட்ஸ் ஜனாதிபதியும் தொலைபேசியில் பேசினார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் 57 பேருக்கும் மன்னிப்பு வந்தது. மன்னிப்பு என்றால் நீ குற்றவாளிதான், நான் பெரிய மனது வைத்து விடுகிறேன் என்று அர்த்தம். சரி, அவர்களுக்காகப் பேச ஒரு அரசாவது இருந்தது. அதே தெருவில் ஒரு நாலு ஈழத்தமிழன் கொழும்புக்கு எதிராகக் கொடி பிடித்திருந்தால் ஆர் கோல் எடுத்திருப்பினம்? கொழும்பா?

இனி, பொலிஸ்காரன் குற்றவாளிக் கூட்டில் நிற்கும்போது அதே வளைகுடாவில் சட்டம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கோ. இதற்கு பஹ்ரைனுக்குத்தான் போகவேணும். ஏனென்றால் அந்தப் பிராந்தியத்திலேயே பொலிஸ் வன்முறையை ஒரு சர்வதேச ஆணைக்குழு விசாரித்து, அரசனின் முகத்துக்கு நேரே அறிக்கை வாசித்த ஒரே இடம் அது.

மனாமாவில் முத்துச் சதுக்கம் என்று ஒன்று இருந்தது. 1982இல் வளைகுடா ஒத்துழைப்பு அமைப்பின் உச்சி மாநாடு அங்கே நடந்தபோது அதன் நினைவாகக் கட்டிய தூபி. ஆறு பாய்மரங்கள் சேர்ந்து உச்சியில் ஒரு முத்தைத் தாங்கி நிற்கும். ஆறு நாடுகளுக்கு ஆறு பாய்மரம். 500 பில்ஸ் நாணயத்திலும் அந்தப் படம்தான் இருந்தது.

2011 பெப்ரவரி 14 அன்று பஹ்ரைன் மக்கள் ஊர்வலம் போனார்கள். துனிசியாவும் எகிப்தும் கொடுத்த உற்சாகம். அவர்கள் கேட்டது ஒழுங்கான அரசியலமைப்பு, தெரிவு செய்யப்பட்ட அரசு, ஷியாக்களுக்கு எதிரான பாகுபாட்டுக்கு முடிவு. முதல் நாளே தைஹ் கிராமத்தில் அலி முஷைமா என்ற 21 வயதுப் பெடியனை பொலிஸ் முதுகில் சுட்டது. சன்னம் தெறிக்கிற துப்பாக்கி. அடுத்த நாள் அவனுடைய சவ ஊர்வலத்தில் இன்னொருவரைச் சுட்டார்கள். அரசர் தொலைக்காட்சியில் தோன்றி வருத்தம் சொல்லி, விசாரணை நடக்கும் என்றார். அந்தப் பேச்சின் ஈரம் காய முதல், 17ஆம் திகதி அதிகாலை மூன்று மணி மட்டில், முத்துச் சதுக்கத்தில் கூடாரம் அடித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்த சனத்தின் மேல் கலகம் அடக்கும் பொலிஸ் கண்ணீர்ப்புகையோடும் துப்பாக்கியோடும் இறங்கியது. நாலு பேர் செத்தார்கள். 18ஆம் திகதி இராணுவம் சுட்டது.

பொலிஸ் எப்போது சுடலாம் என்பதற்கு விதி இல்லாமல் இல்லை. 1990இல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் சபை மாநாடு ஒத்துக்கொண்ட அடிப்படைக் கோட்பாடுகள் இருக்கின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால், வேறு வழியே இல்லையென்றால் மட்டும் துப்பாக்கி. படுத்திருந்தவன் யாருடைய உயிருக்கு ஆபத்து?

மார்ச் 14 அன்று சவூதியில் இருந்து 25 கிலோமீற்றர் பாலத்தால் படை வந்தது. சவூதிப் படையினர் ஆயிரம் பேர் அளவில், எமிரேட்ஸ் பொலிசார் 500 பேர் அளவில். மறுநாள் அவசரகாலச் சட்டம். 16ஆம் திகதி சதுக்கம் துடைக்கப்பட்டது. 18ஆம் திகதி தூபியையே இடித்தார்கள். கெட்ட ஞாபகமாம். வெளிநாட்டமைச்சர் சொன்ன காரணம் அது. இடிக்கும்போது கிரேன் ஓட்டிய ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி அதில் அகப்பட்டுச் செத்துப்போனான். நாணயத்தையும் புழக்கத்தில் இருந்து எடுத்தார்கள். வளைகுடாவின் ஒற்றுமைக்கென்று கட்டிய தூபியை, அந்த ஒற்றுமையின் படை வந்து நிற்கும்போதே இடித்தது கொஞ்சம் அதிகம்தான்.

இங்கே என் சினேகிதன் ஒருத்தனைப் பற்றிச் சொல்லவேணும். பெயர் வேண்டாம். அந்த மார்ச் மாதம் அவன் மனாமாவில் வான் ஓடிக்கொண்டிருந்தான். நான் கோல் எடுத்து "என்னடா நடக்குது, சனத்தைச் சுடுறாங்களாமே" என்று கேட்க, அவன் பாய்ந்தான். "நீ அங்க இருந்து கதைப்பாய். இவங்கள் எங்கட ஆக்களை ரோட்டில பிடிச்சு அடிக்கிறாங்கள். பொலிஸ் வந்தபிறகுதான் நான் வெளியில போய்ப் பாண் வாங்கினனான்."

அவன் சொன்னது பொய்யில்லை. அந்த நாட்களில் தெற்காசியத் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். ஆணைக்குழுவும் அதை எழுதியிருக்கிறது. பொலிசாரும் கொல்லப்பட்டார்கள். அதை மறைத்துவிட்டு இந்தப் பக்கம் மட்டும் எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஏன் தெற்காசியன் மேல் கை வைத்தார்கள்? பஹ்ரைன் அரசு தன் பொலிசில் உள்ளூர் ஷியாக்களை அனேகமாகச் சேர்ப்பதில்லை. பாகிஸ்தான், யேமன், சிரியா, ஜோர்தான் என்று வெளியில் இருந்து ஆள் எடுத்துச் சீருடை போட்டு, அந்த நாட்டுச் சனத்தை அடிக்க விடுகிறது. அடி வாங்கினவனுக்கு பாகிஸ்தானியும் வங்காளியும் தமிழனும் ஒரே முகம். அரசு செய்த ஆட்சேர்ப்புக்கு அப்பாவித் தொழிலாளி விலை கொடுத்தான். அடித்தவன் செய்தது குற்றம்தான், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அதைக் காட்டி, கூடாரத்துக்குள் படுத்திருந்தவனைச் சுட்டது சரி என்று எப்படி வரும்? யாழ்ப்பாணத்தில் எவனோ கல் எறிந்தான் என்று நூலகத்தை எரித்தவனின் கணக்கு அது.

சரி, ஆணைக்குழுவுக்கு வருவம். 2011 ஜூன் கடைசியில் அரசர் தானே அதை நியமித்தார். தலைவர் எகிப்தில் பிறந்த சட்டப் பேராசிரியர் ஷெரிப் பஸ்ஸியூனி. மற்ற நாலு பேரும் சாதாரண ஆட்கள் இல்லை. அதில் ஒருவர் சேர் நைஜல் ரொட்லி. இந்தப் பெயர் எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? இருக்கவேணும். மகிந்த ராஜபக்ச காலத்தில் திருகோணமலை ஐந்து மாணவர் கொலை, மூதூர் 17 தொண்டு ஊழியர் கொலை எல்லாவற்றையும் விசாரித்த ஆணைக்குழுவை மேற்பார்க்க பகவதி தலைமையில் சர்வதேசப் பிரமுகர் குழு ஒன்று வந்ததே, அதில் இருந்த அதே ரொட்லிதான். அந்தக் குழு 2008இல், இந்த விசாரணை சர்வதேசத் தரத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டியது. திருகோணமலை வழக்கு பிறகு என்ன ஆனது? 2006 ஜனவரி 2இல் கடற்கரையில் சுட்டார்கள். 2019 ஜூலையில் விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் சாட்சியம் போதாது என்று விடுதலை. பதின்மூன்று வருடம், பதின்மூன்று பேர், பூச்சியம்.

பஹ்ரைனில் ஒரு வித்தியாசம். அறிக்கை உண்மையாகவே வந்தது. 2011 நவம்பர் 23 அன்று அரண்மனையில், அரசர் கதிரையில் இருந்து கேட்க, பஸ்ஸியூனி வாசித்தார். 35 பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் தடுப்புக் காவலில் சித்திரவதையால் இறந்தார்கள், தேவைக்கு மிஞ்சிய பலம் பாவிக்கப்பட்டது, என்ன செய்தாலும் கேட்க ஆள் இல்லை என்ற துணிவு பொலிசுக்குள் ஊறியிருந்தது. ஈரான் தூண்டிவிட்டது என்ற கதைக்குத் தெளிவான சாட்சியம் இல்லை என்றும் அதில் இருந்தது. கட்டளை இட்ட மேலதிகாரிகளையும் பொறுப்புக்கூற வைக்கவேணும் என்று பரிந்துரையும் இருந்தது. ஒரு வளைகுடா அரசன் இதைப் பொறுமையாகக் கேட்டதே அதிசயம் என்று மேற்கு நாடுகள் கை தட்டின. நானும் அன்றைக்குக் கொஞ்சம் நம்பினேன் என்றுதான் சொல்லவேணும். எங்களுக்குக் கிடைக்காதது அவர்களுக்காவது கிடைக்கட்டும் என்று.

பிறகு நடந்ததைக் கேளுங்கோ. பொலிசைத் திருத்த வெளிநாட்டில் இருந்து இரண்டு பேரை இறக்கினார்கள். ஒருவர் மயாமியின் முன்னாள் பொலிஸ் தலைவர் ஜோன் திமோனி. மற்றவர் லண்டன் பொலிசின் ஜோன் யேட்ஸ். தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் அந்த வருடம் ஜூலையில்தான் வேலையை விட்டவர். திருத்த வந்தவரின் இலட்சணம் அப்படி.

வழக்குகள் வந்தன. அலி சகர் என்பவர் 2011 ஏப்ரல் 9 அன்று தடுப்புக் காவலில் அடித்துக் கொல்லப்பட்டவர். ஆணைக்குழு சொன்ன ஐந்து பேரில் ஒருவர். இரண்டு பொலிசாருக்கு 2013இல் பத்து வருடம் கிடைத்தது. சில மாதங்களில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டு வருடமாக வெட்டியது. அதற்குச் சொன்ன நியாயம்தான் உச்சம். அவர்கள் தடுப்பில் இருந்தவர்களின் உயிரைப் பாதுகாக்கத்தான் அப்படி நடந்தார்களாம், இறந்தவரின் உயிரும் அதில் சேர்த்தியாம். இன்னொரு வழக்கில், 2011 மார்ச்சில் ஒருவரை மிக அருகில் இருந்து சன்னத் துப்பாக்கியால் சுட்ட பொலிஸ்காரனுக்கு ஏழு வருடம். கொல்லும் நோக்கம் இருக்கவில்லை என்று முதலிலேயே கொலைக் குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். மேன்முறையீட்டில் அந்த ஏழு வருடம் ஆறு மாதமானது. கட்டளை கொடுத்த பெரிய தலை ஒன்றும் சிறைக்குப் போகவில்லை. விசாரிக்கவென்று உருவாக்கிய விசேட பிரிவு, ஊர்வலக்காரரை உள்ளே தள்ளிய அதே அரச வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தது.

அதே நாட்டில், அதே காலத்தில், மற்றப் பக்கத்துக்கு நீதி எப்படி ஓடியது? காயம்பட்டவர்களுக்கு சல்மானியா ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டொக்டர்கள், தாதிமார் 20 பேருக்கு 2011 செப்டெம்பரில் இராணுவ நீதிமன்றம் ஐந்து முதல் பதினைந்து வருடம் விதித்தது. (உலகம் கத்திய பிறகு 2012இல் பலருக்குக் குறைத்தார்கள், சிலரை விட்டார்கள்.) அப்துல்ஹாதி அல்-கவாஜாவை ஏப்ரல் 9 அன்று பிடித்தார்கள். பிடிக்கும்போது அடித்ததில் தாடை உடைந்து சத்திரசிகிச்சை. ஜூன் 22 அன்று ஆயுள் தண்டனை. இரண்டரை மாதம்.

கவாஜா ஒரு அகதி. டென்மார்க்கில் தஞ்சம் கேட்டு, குடியுரிமையும் எடுத்து, பிறகு பஹ்ரைன் அரசு பொதுமன்னிப்பு என்று சொன்னதை நம்பிக் குடும்பத்தோடு திரும்பிப் போன மனிதன். அந்தப் பொதுமன்னிப்புக்குள் ஒரு கள்ளம் இருந்தது. 2002இல் 56ஆம் இலக்க ஆணை என்று ஒன்று போட்டு, முன்னைய வருடங்களில் சித்திரவதை செய்த அதிகாரிகளுக்கும் அதே மன்னிப்பை நீட்டினார்கள். அடி வாங்கினவனையும் மன்னித்தாயிற்று, அடித்தவனையும் மன்னித்தாயிற்று, கணக்கு சரி! அந்தக் காலத்துப் பாதுகாப்புப் பிரிவுக்கு 1998 வரை தலைமை தாங்கியவர் இயன் ஹென்டர்சன் என்ற பிரித்தானியர். கென்யாவில் மௌ மௌ போராளிகளை வேட்டையாடிப் பெயர் எடுத்தவர். லண்டன் பொலிஸ் அவர்மேல் விசாரணை தொடங்கியது, வழக்கு வரவில்லை, 2013இல் நிம்மதியாகச் செத்தார்.

இது எங்களுக்குப் புதுசா? 1982இன் 20ஆம் இலக்க நட்டவிலக்குச் சட்டத்தை எடுத்துப் பாருங்கோ. 1977 ஆகஸ்ட் கலவர காலத்தில் "நல்லெண்ணத்தோடு" செயற்பட்ட அமைச்சர், பொலிஸ், படை எவன்மேலும் வழக்குப் போட முடியாது என்று ஜே.ஆர். கொண்டுவந்தது. 1988இல் அதையே அந்த வருட டிசம்பர் வரைக்கும் இழுத்தார்கள். 77, 81, 83 எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்கும் முதல், 1974 ஜனவரி 10. யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள், வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் சனம் அமைதியாக இருந்து பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தது. பொலிஸ் வந்து தடியடி, கண்ணீர்ப்புகை, துப்பாக்கி வெடி, மின்கம்பி அறுந்து விழுந்து ஒன்பது பேர் சாவு. அரசு விசாரிக்கவில்லை. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் டி கிரெட்சர் தலைமையில் ஒரு தனியார் குழு விசாரித்துப் பொலிஸ்தான் பிழை என்றது. பொலிசுக்குத் தலைமை தாங்கி வந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இதைச் சின்ன வயதில் இருந்து வருடா வருடம் நினைவுகூரும் நாங்கள், வேறு ஒரு சனத்துக்கு இதே நடக்கும்போது "அங்க சட்டம் எண்டா சட்டம்" என்று சொல்லுவது எனக்கு விளங்கவேயில்லை.

இன்னும் ஒன்று. 2014 மார்ச் 3 அன்று அதே தைஹ் கிராமத்தில் குண்டு வெடித்து மூன்று பொலிசார் செத்தார்கள். அதில் ஒருவர் எமிரேட்ஸில் இருந்து வந்த அதிகாரி. குண்டு வைத்தது கொலை. விசாரிக்கவேணும், தண்டிக்கவேணும். ஆனால் பிடிபட்ட மூன்று பேர், அடித்துத்தான் வாக்குமூலம் எடுத்தார்கள் என்று கடைசிவரை சொன்னார்கள். 2017 ஜனவரி 9 அன்று கடைசி நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்தது. 15ஆம் திகதி சுட்டுக் கொன்றார்கள். ஆறு நாள். அப்போது ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளராக இருந்த அக்னஸ் கலமார்ட், இது நீதிக்குப் புறம்பான கொலை என்றார். ஒரே கிராமத்தின் பெயர்தான் இரண்டு பக்கமும். பொலிசைக் கொன்றால் துப்பாக்கி முனை, பொலிஸ் கொன்றால் மேன்முறையீட்டில் கழிவு விலை.

அந்த ஜனவரிக்கு நாலு மாதம் கழித்து, மே 23 அன்று, திராஸ் கிராமத்தில் ஷேக் ஈசா காசிமின் வீட்டுக்கு வெளியே மாதக்கணக்காக இருந்து மறியல் செய்த சனத்தின் மேல் பொலிஸ் பாய்ந்தது. ஐந்து பேர் சாவு, 286 பேர் கைது. ஆறு மாதத் தண்டனையை 2013இல் பார்த்த ஒரு பொலிஸ்காரனுக்கு 2017இல் விசையை இழுக்க என்ன பயம் இருக்கப்போகிறது?

இதெல்லாம் அரபுக்காரரின் அரசியல், பிழைக்கப் போன எங்களுக்கு என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கட்டாரில் 2022 ஆகஸ்டில், உலகக் கிண்ணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது, மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காத தொழிலாளர்கள் தோஹாவில் கம்பனிக்கு முன்னால் ரோட்டில் கூடினார்கள். ஆகக் குறைந்தது 60 பேரைப் பிடித்தார்கள், சிலரை நாடு கடத்தினார்கள். அவர்கள் அரசைக் கவிழ்க்கக் கேட்கவில்லை, தங்கள் சம்பளத்தைக் கேட்டார்கள். நாளைக்கு அந்த வரிசையில் எங்கட பெடியன் நிற்பான். அவன்மேல் தடி விழுந்தால், அடித்தவன்மேல் வழக்குப் போட அங்கே அவனுக்கு என்ன வழி இருக்கிறது?

2024 ஏப்ரலில் பஹ்ரைன் அரசர் 1,500க்கு மேற்பட்ட கைதிகளுக்கு மன்னிப்புக் கொடுத்தார். அரசியல் கைதிகள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தார்கள். நல்ல விசயம், வெளியே வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அது பெருநாள்தான். கவாஜாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.

அந்தச் செய்தியையும், பழைய தீர்ப்புகளைப் பற்றிய கட்டுரை ஒன்றையும் என் சினேகிதனுக்கு அனுப்பினேன். அவன் இப்போது டுபாயில். இரண்டு நாளாகப் பதில் இல்லை. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. "மச்சான், நீ சொல்லுறது சரியாத்தான் இருக்கும். ஆனா இதுகளை எனக்கு வட்ஸ்அப்பில அனுப்பாதை. நான் உடன அழிச்சுப்போட்டன்."